அந்த இடத்துக்குத் தமிழ்

'சொறி' என்றுதான் முடித்திருந்தான் ரெக்ஸ்டன்.
கொழும்பில் நாங்கள் மன்னிப்பை இப்படித்தான் எழுதுவோம்.
நாலு மாதத்துக்குப் பிறகு வந்த செய்தி:
எனக்குப் பொசிட்டிவ், நீயும் ஒருக்காப் போய்க் காட்டு, சொறி.
ஐந்தாம் குறுக்குத் தெருவில்
பருப்பு மூட்டைக் கணக்கின் நடுவே
எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு கை குளிர்ந்தது.

ஒன்றும் நோகவில்லை. எரியவில்லை. அரிக்கவில்லை.
நோகாததை எப்படிக் காட்டுவது?

முதலாளியிடம் பல்லுக்கொதி என்றேன்.
மருதானையில் இறங்கி
ஏதோ பாமசி தேடுகிறவள் மாதிரி
இரண்டு தரம் கட்டடத்தைத் தாண்டி நடந்து
மூன்றாம் தரம் உள்ளே போனேன்,
குடையை மடக்காமலே.

பெயரைக் கூப்பிடவில்லை யாரும்.
ஒரு துண்டு தந்தார்கள்: அறுபத்தி மூன்று.
எண்ணாக இருப்பதில் இவ்வளவு சுகமா.
பொலிஸில் பெயர் பதிந்து பதிந்தே
இந்த ஊரில் குடியிருந்த என் அம்மாவுக்கு
இது விளங்காது.

வாங்கில் எல்லாரும் போனைப் பார்த்தார்கள்.
ஒருவரை ஒருவர் பாராமலிருக்க
எவ்வளவு டேட்டா செலவாகிறது!

அப்போதுதான் தாதி கதவைத் திறந்து கேட்டாள்:
தெமள புளுவன் கெனெக் இன்னவாத?
தமிழ் தெரிந்த ஓர் ஆள்.

ஒளிக்க வந்த இடத்தில் என் கை எழும்பியது.
ஏனென்று இன்னும் தெரியாது.

உள்ளே ஐம்பத்தெட்டு.
பத்தொன்பது வயதிருக்கும். பொகவந்தலாவை.
கிராண்ட்பாஸில் கொத்துப் போடுகிறவன்.
டொக்டர் சாதாரணமாகத்தான் கேட்டார்.
கேள்வியை வாங்கிக்கொண்டு திரும்பினேன்,
வாயில் சொல் இல்லை.
"அந்த இடத்தில..."
"எந்த இடம்?" என்றான்.

பத்தாம் ஆண்டில் அந்த இரண்டு தாளுக்கும்
ஸ்டேப்ளர் அடித்துவிட்ட மிஸ்ஸை நினைத்தேன்.
என்னிடமிருந்த தமிழ்
ஒன்றில் சந்தியில் கத்துகிற தூஷணமாக இருந்தது,
இல்லாவிட்டால் தேவாரமாக.
நடுவில் எதுவும் இல்லை.

பழைய ஆட்கள் இந்த நோயை மேகம் என்பார்களாம்.
வானத்தில் தூக்கி வைத்துவிட்டு
அண்ணாந்து பாராமலே போயிருக்கிறார்கள்.

கடைசியில், மூத்திரம் போகிற இடம் என்றேன்.
தலையாட்டினான். அப்பாடா.

பிறகு எல்லாம் வந்தது.
எப்போது, எத்தனை பேர், உறை போட்டதா.
அவன் காதும் என் காதும் ஒரே நிறத்தில் எரிய
ஒவ்வொன்றாய்க் கடத்தினேன்.
ஊசி போட்டால் மாறும்.
மற்ற ஆளும் வந்து மருந்தெடுக்க வேணும்,
இல்லாட்டி திரும்ப வரும்.
சிலருக்கு ஒன்றும் தெரியாது,
நோகாது, எரியாது,
உள்ளே இருக்கும், பெண்களுக்குக் கூடுதலாய்...
டொக்டர் சொல்ல நான் அவனுக்குச் சொல்ல
பாதியில் குரல் நின்றது.
அது எனக்குச் சொன்னது.

வேறு கேள்வி இருக்கா என்றதும்
வெகுநேரம் நகத்தைப் பார்த்திருந்துவிட்டு
"அக்கா, கிளாஸ்ல ஒட்டுமான்னு கேளுங்க."
அறையில் ஆறு பேராம், இரண்டு கோப்பையாம்.
பதினொரு நாளாய் இவன் ஜாம் போத்தலில் குடிக்கிறான்.
யாரும் தவறி எடுத்துவிடக் கூடாதென்று
அதைத் தலைமாட்டில் வைத்துப் படுக்கிறான்.

டொக்டர் சிரிக்கவில்லை.
பேனையை வைத்துவிட்டு
அவனையே பார்த்து, நே, என்றார்.
நான் தேவைப்படவில்லை அதற்கு.

வெளியே அறுபத்தாறு போய்க்கொண்டிருந்தது.
"மிஸ், தம்பியோடயா வந்தது?" என்று
சிங்களத்தில் கேட்டாள் தாதி, அன்பாக.
ஓம் என்றால் போதும்.
குடை கையில். படி நாலு. அப்பால் பஸ்.

துண்டை நீட்டினேன்.
மழை பட்டு ஆறு கரைந்திருந்தது.
மமத், என்றேன். நானும்.

முடிவு வெள்ளிக்கிழமை வரும்.
ரெக்ஸ்டனுக்கு
'காட்டினேன்' என்று அடித்து வைத்திருக்கிறேன்.
அனுப்பவில்லை இன்னும்.